வகுப்பறையிலிருந்து அறிஞர் அவைக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழாவிற் பேசுமாறு எங்களைப் பணித்த செயலாளர் அவர்கள், தலைப்பை எங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். 'ஆராய்ச்சி மாநாட்டைப் பற்றிப் பேசுகிறோம்' என்று நாங்கள் சொன்னதும் அவர்கள் முகம் சற்றே வாடிற்று. 'பேசுங்கள், ஆனால் இலை போடுவதற்குள் முடித்துவிடுங்கள்' என்றார்கள். அந்த நிபந்தனையை மறவாமல் பேச முயல்வோம்.

நாங்கள் ஆசிரியர்கள். பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவிலும், இடுக்கி மலைமேலுள்ள தேவிகுளம் தாலுகாவிலும் பல்லாண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டுப் பின்னர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணிக்கு வந்து சேர்ந்த சிலர். எங்களுள் ஒருவர் வாய்திறந்து பேசினாலும் பேச்சு எல்லோருடையதே. ஆகையால்தான் 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்கிறோம், பெருமைக்காக அன்று.

இந்த வடநாட்டு நகரத்துக் காலனியிலே குடியேறியிருக்கும் உங்களுட் பலர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். கொழிஞ்சாம்பாறை என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று தடையின்றி வந்து போவதுபோல, அங்கே மொழியும் வந்து போகும். வண்டியில் தேங்காய் ஏற்றுபவர் தமிழிற் பேசுவார். விலை எழுதுபவர் மலையாளத்தில் எழுதுவார். இடுக்கியில் அப்படியன்று. மூணாற்று மலைகளில் தேயிலை நட்ட நாள்தொட்டுத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறிய மக்கள், லயங்களிலே தமிழோடு தமிழாகவே வாழ்ந்துவந்திருக்கின்றனர். அங்கே ஒரு குழந்தை, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கும்வரை மலையாளத்தைச் செவியாற் கேட்பதே அரிது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 சனவரி 26-இல். எல்லையைப் பற்றிய பழைய வழக்கை இங்கே கிளற நாங்கள் வரவில்லை. கோடு எங்கே விழுந்தாலும் அதன் ஓரத்திலே ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அதனுள்ளே ஒரு குழந்தை இருக்கும். எங்கள் கவலை அந்தக் குழந்தையைப் பற்றியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாக உடையோர் சுமார் 5 இலட்சம் பேர்.

குறை கூறுவதற்கு முன் உள்ளதை ஒப்புக்கொள்வது முறையாகும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிற் கிடைக்கப் போதிய வசதி செய்ய முயலவேண்டும் என்று, 1956-இலேயே நம் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழருக்கும் கன்னடியருக்கும் சில உரிமைகளைத் தருகின்றது. அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பாடநூல்களை அரசே தமிழில் அச்சிட்டு வழங்குகின்றது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். சட்டத்தால் ஆகக்கூடியது பெரும்பாலும் ஆகியிருக்கின்றது என்றே சொல்லலாம். ஆயின் சட்டம் வகுப்பறைக் கதவு வரையில்தான் வரும்; கதவுக்கு உள்ளே நடப்பதை ஆசிரியன்தான் பார்க்கவேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கே நெடுங்காலம் தெரியாதிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

மலைமேல் ஒரு பள்ளி. நான்காம் வகுப்பிலே ஒரு சிறுமி. தாய் கொழுந்து பறிப்பவள். தந்தைக்குத் தொழிற்சாலையில் வேலை. மார்கழி மாதத்து ஒரு காலையில் அவள் மணியடித்து வெகுநேரம் கழித்து வந்தாள். ஏன் தாமதம் என்று ஆசிரியை கேட்டார். 'பனி, டீச்சர்' என்றாள் குழந்தை. பாதை தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்தது, உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஆசிரியை சமவெளியிலிருந்து அந்த ஆண்டுதான் மலைக்கு மாற்றலாகி வந்தவர், மலையாளம் பேசுபவர். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவர் பதறி எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி குளிர்ந்திருந்தது. மலைக்காற்றில் நடந்து வந்த நெற்றி வேறு எப்படி இருக்கும்? இந்த வயதிலேயே பொய் சொல்லக் கற்றுக்கொண்டாளே என்று வருந்திய அவர், அன்று பகல் முழுவதும் அவளைச் சுவரோரம் நிற்கவைத்தார். அவர் கொடியவர் அல்லர். மாலையில் ஆசிரியர் அறையிலே அவரே இதை எங்களிடம் மனம் நொந்து சொன்னார். சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பொறி தட்டிற்று. விளக்கியபோது அவர் கண் கலங்கிவிட்டார். மறுநாள் குழந்தையை அருகில் அழைத்துத் தட்டிக்கொடுத்தார். என்றாலும் அந்தச் சிறுமி அதன் பிறகு மலையாள வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டாள். எழுதினாள், பேசவில்லை.

இரு மொழியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகையால், சொற்கள் உருவத்தில் ஒத்தும் பொருளில் விலகியும் நின்று ஏமாற்றும். நமக்கு வெள்ளம் என்றால் ஆறு கரைபுரண்டு வருவது. அவர்களுக்கு அது குடிக்கும் தண்ணீர். முற்றிலும் புதிய மொழியானால் குழந்தை எச்சரிக்கையாக இருக்கும். தெரிந்த முகம்போல் வரும் சொல்லிடத்தில்தான் ஏமாந்துபோகும்.

சில மாதம் சென்றது. ஆசிரியை விடுப்பில் இருந்தமையால், மலையாள வகுப்பையும் நாங்களே பார்த்துக்கொள்ள நேர்ந்தது. அந்தச் சிறுமியின் நோட்டுப் புத்தகம் எங்கள் கைக்கு வந்தது. 'அவன் வந்நு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'அவன் வந்நான்' என்று எழுதியிருந்தாள். 'அவள் வந்நாள்', 'ஞான் வந்நேன்' என்றும் எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் இதே பிழை. நாங்களும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினோம். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டியபோது அவற்றிலும் அதுவே. அத்தனை பிள்ளைகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க முடியுமா? எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறினால் அது கவனக் குறைவு ஆகுமா? இந்த ஐயந்தான் எங்களை ஆராய்ச்சியின் பக்கம் தள்ளிற்று. நோட்டுகளைத் திரட்டி, பிழைகளை வகைப்படுத்தி, ஒரு கட்டுரையாக எழுதிப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டிய கல்வியியல் மாநாட்டுக்கு அனுப்பினோம்.

மாநாட்டிலே கட்டுரை படிப்பது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையிலே அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதைச் சொல்லும். அந்த ஆசான் குற்றம் காணும் நோக்கத்தோடே கேட்டார் என்றும், எழுப்பிய தடைகளுக்கெல்லாம் நூலாசிரியர் விடை இறுத்தார் என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதையும் உரைப்பார். அதங்கோடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள ஊரே என்று அறிஞர் பலர் கருதுவர். அதுவும் ஓர் எல்லையோரம் அன்றோ! கதை நடந்ததோ இல்லையோ, நூல் என்பது வினாவுக்கு ஈடுகொடுத்து நிற்கவேண்டும் என்ற கொள்கை அக்காலத்திலேயே இருந்தது என்பது மட்டும் தெளிவு.

நம் காலத்தில் இக்கொள்கைக்கு உலகளாவிய உருவம் கொடுத்தவர் ஒரு கல்வித்துறை ஆசிரியரே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தனிநாயக அடிகளாரைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1913-இல் பிறந்தவர். உரோமாபுரியிலே சமயக் கல்வி கற்றுவிட்டு, திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியிலே ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டங்கள் பெற்றார். 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே அவர் ஏற்ற பதவி கல்வியியல் விரிவுரையாளர் பதவி. தமிழ் விரிவுரையாளர் பதவி அன்று. இலண்டனில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளும் பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனையே. பாணரையும் புலவரையும் நாம் பாட்டுக்காரர் என்று பார்த்திருந்தோம். அவரோ ஊர் ஊராகச் சென்று மக்களுக்குக் கற்பித்த ஆசிரியர் என்று பார்த்தார். ஒரு துறையில் நிற்பவன் வேறு துறையின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களைத் தனியே கூட்டி அவர் தோற்றுவித்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சுப் பேராசிரியர் பிலியோசா முதல் தலைவரானார். அடிகளாருக்குத் தோள்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, அடுத்து 1968-இல் சென்னையில், 1970-இல் பாரிசில். 1974 சனவரியில் யாழ்ப்பாணத்து மாநாட்டின் இறுதி நாளன்று பொதுமக்கள் உயிர் இழந்த கொடுமையையும் நாம் மறக்கவியலாது. பேராசிரியர் சுப்பிரமணியம் பின்னர் 1971-இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகத்தைத் தொடங்கி, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளின் ஆய்வாளர்களை ஒரே அவையில் உட்காரவைத்தார். எல்லையோரத்து ஆசிரியர்களாகிய எங்களுக்கு மிக வேண்டியது இந்த உட்காருதல்தான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. கோலாலம்பூர் மாநாட்டை ஒட்டி 1966-இல் ஒரு பழைய அகராதி நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அது. அடிகளார் 1954-இல் வத்திக்கான் நூலகத்திலே அதைக் கண்டெடுத்தார். அது முதன்முதல் அச்சானது 1679-இல். எங்கே தெரியுமா? இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே, 1578-இல், 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் கொல்லத்தில் அச்சாகியிருந்தது. தமிழ் அச்சின் தொட்டில் ஆடியது மலையாளக் கரையிலே! ஒரு மாநாடு கூடியிராவிட்டால் இந்த அகராதி அத்தனை விரைவில் நம் கைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

இனி எங்கள் மாநாட்டுக்கு வருவோம். மூவர் புறப்பட்டோம். மூணாற்றிலிருந்து மாலைப் பேருந்தில் இறங்கி, இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலையில் பல்கலைக்கழகத்து விருந்தினர் விடுதியில் முகம் கழுவினோம். நோட்டுப் புத்தகங்களை மஞ்சள் பை ஒன்றில் போட்டு மடியிலேயே வைத்திருந்தோம். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்திலேயே தலைவர் மணியைத் தட்டிவிட்டார். அவையில் இருந்தவர்களுட் பாதிப்பேர் தேநீர் அருந்தப் போயிருந்தனர். ஆராய்ச்சி மாநாடு என்றவுடன் மண்டபம் நிறைந்த கூட்டத்தை எண்ணிக்கொண்டு போனவர்களுக்கு அது முதற்பாடம்.

நாங்கள் படித்து முடித்ததும் இளம் விரிவுரையாளர் ஒருவர் எழுந்தார். வயதில் எங்கள் மாணவியாக இருக்கத்தக்கவர். 'எத்தனை குழந்தைகளின் நோட்டுகளைப் பார்த்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்?' என்று கேட்டார். முதல் வினாவுக்கு விடை சொன்னோம். இரண்டாவதற்கு விடை இல்லை. மலையாளத்தையே தாய்மொழியாக உடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எப்படிப் பிழை செய்கின்றனர் என்று நாங்கள் பார்த்ததே கிடையாது. தெருவில் மலையாளம் கேட்டு வளரும் சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைகளோடு மலைப் பிள்ளைகளை ஒப்பிட்டதும் கிடையாது. அந்த இரண்டு ஊர்களிலும் பணிபுரிந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருந்தும் அது தோன்றவில்லை. அந்த அம்மையார் கேட்டது சரி. கேட்டபோது கோபம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து, கடைசி வரிசையிலிருந்து மலையாளப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். பணி ஓய்வு பெற்றவர், பழுத்த முதியவர். தமிழிலேயே பேசினார். 'அந்த நோட்டைக் காட்டுங்கள்' என்றார். கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, 'இந்தக் குழந்தை எழுத்தச்சன் காலத்து மலையாளம் எழுதியிருக்கிறதே! இதை ஏன் அடித்தீர்கள்?' என்றார்.

அவை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பின்புதான் அவர் விளக்கினார். கேரள பாணினி என்று போற்றப்படும் ஏ. ஆர். இராசராச வர்மா, 1896-இல் வெளியிட்டுப் பின்னர் 1917-இல் திருத்தி விரித்த 'கேரள பாணினீயம்' என்னும் இலக்கணத்தில், பழந்தமிழிலிருந்து மலையாளம் பிரிந்து வந்த வழியை ஆறு நயங்களாக வகுத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று 'புருஷபேத நிராசம்'. வினைச்சொல்லின் இறுதியில் நிற்கும் ஆன், ஆள், ஏன் முதலிய விகுதிகளை மலையாளம் உதிர்த்துவிட்டது என்பது அதன் பொருள். இன்று 'வந்நு' என்னும் ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் எனக்கும் உனக்கும் பொதுவாக நிற்கின்றது. பழைய மலையாளப் பாட்டுகளிலோ அந்த விகுதிகள் இன்னும் வாடாமல் இருக்கின்றன. 'வந்த்' என்பது 'வந்ந்' ஆனதும் அந்த ஆறனுள் மற்றொரு நயம். மெல்லெழுத்து தன் பக்கத்து வல்லெழுத்தை விழுங்கித் தன்னைப்போல் ஆக்கிக்கொள்வது. மாங்காய் அங்கே 'மாங்ஙா' ஆவதும் அதனாலேயே. 'இந்தக் குழந்தை மெல்லெழுத்து மாற்றத்தைச் செவியால் பிடித்துக்கொண்டுவிட்டது. விகுதி உதிர்ந்ததை மட்டும் யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஒரு மாற்றத்தைக் கற்றுவிட்டது, மற்றொன்றைக் கற்கவில்லை. நீங்கள் இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள்' என்றார் அந்தப் பெரியவர்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை. அந்த இலக்கண நூலைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிராமல் இல்லை. பட்டப் படிப்பிலே பெயரை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களும் எங்களுள் இருந்தோம். தேர்வுத் தாளில் எழுதியது குழந்தையின் நோட்டிலும் இருக்கும் என்று தோன்றவில்லை. குழந்தை எழுதியதற்கு மதிப்பெண் கொடுத்திருக்கவேண்டும் என்று அந்தப் பெரியவரும் சொல்லவில்லை; இன்றைய மலையாளத்துக்கு அது பிழையே. ஆனால் அந்தப் பிழைக்குக் காரணம் இருந்தது. நாங்கள் அதைக் காரணமற்ற மந்தம் என்று எண்ணிச் சிவப்பு மை பூசிவிட்டோம்.

மறுநாள் தேநீர் வேளையில் காசர்கோட்டு ஆசிரியர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கேரளத்தின் வடகோடியிலே, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். 'உங்கள் கதை எங்கள் கதைதான்' என்று தொடங்கி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் கற்றது, மூன்று நாள் மேடைப் பேச்சுகளிற் கற்றதைவிட மிகுதி.

ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்த இளம் விரிவுரையாளர் சொன்னதன் அருமையை, ஊர் திரும்பியபின் ஆப்பிரிக்காவைப் பற்றிப் படித்தபோது நன்றாக உணர்ந்தோம். நைசீரியா நாட்டிலே இஃபே என்னும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பாபுன்வா என்னும் கல்வித்துறைப் பேராசிரியர் இருந்தார். அங்கே தாய்மொழி யொரூபா. மேல்நிலைக் கல்வி ஆங்கிலத்தில். முதல் மூன்றாண்டு யொரூபாவிலும் பின்னர் ஆங்கிலத்திலும் கற்பிப்பது நாட்டு வழக்கம். 1970-இல் அவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினர். ஒரு சாரார் பிள்ளைகளுக்கு ஆறாண்டும் எல்லாப் பாடமும் யொரூபாவிலேயே கற்பித்தனர்; ஆங்கிலத்தை ஒரு மொழிப் பாடமாகத் தேர்ந்த ஆசிரியரைக்கொண்டு கற்பித்தனர். மற்றொரு சாராரை வழக்கம்போல் விட்டுவிட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டனர். தாய்மொழியிற் கற்ற பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் சிறந்து நின்றதோடு, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை, முந்தினர்! தாய்மொழியே சிறந்த கல்விமொழி என்று 1953-இலேயே யுனெசுகோ நிறுவனம் நூல் வெளியிட்டுச் சொல்லியிருந்தது. நாமும் மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம். சொல்லுக்கும் இஃபே காட்டியதற்கும் உள்ள வேற்றுமை அந்த இரண்டாவது சாரார்தான். அவர்கள் இருந்தமையால்தான் இஃபேயின் செய்தி உலகெங்கும் மாநாடுகளில் பேசப்பட்டது. எங்கள் கட்டுரையில் இரண்டாவது சாரார் இல்லை.

மாநாடு என்றால் எல்லாம் நன்மை என்று நீங்கள் எண்ணிவிடவும் வேண்டாம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஆசிரியர் பதவி உயர்வுக்கு மாநாட்டுக் கட்டுரைகளையும் புள்ளிக் கணக்கில் சேர்த்தன. அதன் பின்பு மாநாடுகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, கட்டுரையை முடிவுரை வரை படிக்காமலே ஊர் திரும்புவோரைக் கண்டிருக்கிறோம். ஒருவரும் ஒரு வினாவும் கேட்காத அவைகளைக் கண்டிருக்கிறோம். 'மிக அருமை' என்று தலைவர் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார். வினா இல்லாத அவையைவிட ஆசிரியர் அறையில் நடக்கும் வம்புப் பேச்சு மேல் என்பது எங்கள் கருத்து. அங்கேயாவது ஒருவர் மறுத்துப் பேசுவார். தூரமும் ஒரு தடை. இடுக்கி மாவட்டத்து ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருப்பது மலையடிவாரத்துத் தொடுபுழையில். தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதோ மலையுச்சியில். இடையிலே மலைப்பாதை; மழைக்காலத்தில் மண் சரியும். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்து 70 பேர் மாண்ட செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவர்களுட் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அந்த மலைகளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோக எங்களால் இயலவில்லை.

மாநாட்டிலிருந்து திரும்பிய வாரத்தில் கரும்பலகையிலே இரண்டு பத்தி எழுதினோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். வந்தான், வந்தாள், வந்தேன் என்று ஒருபுறம். வந்நு, வந்நு, வந்நு என்று மறுபுறம். 'என்ன வேற்றுமை? நீங்களே கண்டுபிடியுங்கள்' என்றோம். சிறிது நேரம் அமைதி. பின்பு, கடைசிப் பலகையிலிருந்து ஒரு பையன், 'சார், மலையாளத்துக்கு வால் இல்லை!' என்று கூவினான். வகுப்பு முழுவதும் சிரிப்பு. கேரள பாணினி சொன்ன நயத்தை அந்தப் பையன் தன் மொழியில் சொல்லிவிட்டான். அதன்பின் 'வந்நான்' வெகுவாகக் குறைந்தது. இதற்குச் செலவு ஒரு சுண்ணாம்புக்கட்டி.

அந்தச் சிறுமியைச் சொல்லவில்லையே என்று தாய்மார்கள் எண்ணுவீர்கள். நாங்கள் திரும்பியபோது அவள் பள்ளியில் இல்லை. அவள் தந்தைக்குப் பணிக்காலம் முடிந்திருந்தது. தாய்க்கு உடல்நலம் குன்றியிருந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்பது எஸ்டேட்டு முறை. குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்கு இறங்கிப் போய்விட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த தந்தை, நோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த நோட்டு இன்றும் எங்களிடம் இருக்கின்றது.

இப்பொழுது இரண்டாவது கட்டுரைக்கு வேலை நடக்கின்றது. இம்முறை இரண்டாவது சாரார் உண்டு, மூன்றாவதும் உண்டு. மலைப் பிள்ளைகள் ஒருபுறம். சித்தூர்ப் பிள்ளைகள் ஒருபுறம். மூன்றாவது யார் என்றால், உங்கள் பிள்ளைகள்தாம். வீட்டிலே தமிழ் பேசிவிட்டுப் பள்ளியிலே இந்தி எழுதும் பிள்ளைகள் எங்கே தவறுகின்றனர் என்று தெரிந்தால், மலையாளத்துக்கு உரிய தடை எது, எம்மொழிக்கும் பொதுவான தடை எது என்று பிரித்தறியலாம். ஒரே ககரத்தை இடம் நோக்கி ஒலித்துப் பழகிய நம் குழந்தைக்கு நான்கு ககரம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. நாற்காலியைப் பெண் என்று சொல்லும் தொல்லை இந்தியில் மட்டுமே உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தி வகுப்பில் வாய் திறவாமல் இருந்தால், அதற்கு மந்தம் என்று பெயர் வைக்குமுன் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், எங்களுக்கும் காட்டுங்கள்.

சங்கத்து நூலக அறையிலே ஒரு பெட்டி வைப்பதற்குச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். பழைய நோட்டுப் புத்தகங்களைத் தாள்காரரிடம் எடைக்குப் போடுமுன் அந்தப் பெட்டியிற் போடுங்கள். பிள்ளையின் பெயர் எழுதிய அட்டையை நீக்கிவிட்டுத்தான் படிப்போம். படித்தபின் திருப்பித் தந்துவிடுவோம். நல்ல மதிப்பெண் வாங்கிய நோட்டுகளையே கொண்டுவர வேண்டும் என்று தாய்மார்கள் எண்ணவேண்டாம். சிவப்பு மை மிகுதியாக உள்ளவையே எங்களுக்கு முதலில் தேவை.

செயலாளர் அவர்கள் கதவோரம் நின்று கை காட்டுகிறார்கள். இலை போட்டாயிற்று போலும்.